திருத்தம் வந்துவிட்டது, சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா?

2024 பிப்ரவரி 1 அன்று தனித்தனிச் சர்வர்களில் இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடானின் மென்பொருளுக்கு ஒரே நாளில் நான்கு திருத்தப் பதிப்புகள் வந்தன: 3.5.17, 4.0.13, 4.1.13, 4.2.5. வெளிச் சர்வர் அனுப்பும் தகவல் மெய்யாகவே அங்கிருந்துதான் வருகிறதா என்று மென்பொருள் சரிவரச் சோதிக்கவில்லை. அந்த ஓட்டை வழியே இன்னொருவர் கணக்கில் ஆள்மாறாட்டம் செய்யலாம், அதைக் கைப்பற்றவும் செய்யலாம். நிர்வாகிகளுக்கு அவகாசம் தருவதற்காக நுட்ப விவரங்களைப் பிப்ரவரி 15 வரை வெளியிடவில்லை. பழைய பதிப்பில் நின்றுவிட்டவர்களையும் கைவிடாத இந்தப் பொறுப்புணர்வு பெரிய நிறுவனங்களிடமே அரிது. 2023 ஜூலையில் சரிசெய்த ஓட்டை இன்னும் கொடியது. சூழ்ச்சியாக வடிவமைத்த ஓர் ஊடகக் கோப்பை ஏற்றினால் சர்வருக்குள் விரும்பிய இடத்தில் கோப்பு எழுதிவிடலாம். மொஸில்லா செலவை ஏற்று, க்யூர்53 நிறுவனம் செய்த தணிக்கையில் அது அகப்பட்டது. நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருப்பதன் பலன் இது.

ஆனால் திருத்தமும் அதே போலத் திறந்தே கிடக்கிறது. எந்த வரி மாறியது என்று பார்த்தே ஓட்டை இருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஃபேஸ்புக் தன் பிழையைச் சரிசெய்தால் அது எல்லோருக்கும் சரியாகிறது. இங்கே ஆயிரக்கணக்கான சர்வர்களின் நிர்வாகிகள் தனித்தனியே புதுப்பிக்க வேண்டும். அவர்களில் பலர் சம்பளமின்றி, வேலை முடிந்த பின் இரவில் உட்காருகிறவர்கள்.

அதே 2024 பிப்ரவரியில் வந்த ஸ்பேம் வெள்ளம் இந்தப் பலவீனத்தை அம்பலமாக்கியது. கதவைத் திறந்து போட்டுவிட்டு யாரும் கவனிக்காமல் விட்ட சிறு சர்வர்களில் தானியங்கிக் கணக்குகள் குவிந்தன. அவை அனுப்பிய ஸ்பேமால் ஒழுங்காக நடக்கும் சர்வர்களின் பயனர்கள் தொல்லைப்பட்டார்கள். அதற்கு மறுமொழியாக வந்த 4.2.8 பதிப்பை இந்த மென்பொருளின் மிகச் சிறந்த திருத்தங்களில் ஒன்றாகவே மதிக்கிறேன். ஒரு வாரம் மட்டுறுத்துநர் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால், திறந்த கணக்குப் பதிவு தானாகவே ஒப்புதல் கோரும் முறைக்கு மாறிவிடும். மனிதர்கள் கவனிக்காமல் போவார்கள் என்பதையும் கணக்கில் கொண்ட வடிவமைப்பு இது. குறை ஒன்றுதான், அதுவும் பெரியது: கவனிப்பாரற்ற சர்வரில் இந்தப் பதிப்பை நிறுவுவதற்கும் ஆள் கிடையாது.

மட்டுறுத்தலில் உள்ள இடைவெளி இதைவிட ஆழமானது. 2023 ஜூலையில் வெளியான ஓர் ஆய்வுக்காக ஸ்டான்ஃபோர்டு இணைய ஆய்வகம் 25 பெரிய மாஸ்டடான் சர்வர்களின் பதிவுகளை இரண்டு நாள் சோதித்தது. சிறார் பாலியல் வன்கொடுமைப் படங்கள் என்று ஏற்கெனவே அறியப்பட்டவற்றோடு 112 படங்கள் பொருந்தின. இத்தகைய படங்களைப் பிடிக்கும் ஃபோட்டோடிஎன்ஏ போன்ற கருவிகள் மையத் தளங்களை எண்ணிச் செய்தவை. சிறு சர்வர் நடத்துபவருக்கு அவை எளிதில் எட்டுவதில்லை. அவர் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் இன்னொரு சர்வரை முழுவதுமாகத் துண்டிப்பது. அப்போது குற்றமற்ற பயனர்களின் தொடர்புகளும் அறுந்துபோகின்றன. ஒரு பதிவை நீக்கினாலும், பிற சர்வர்களுக்குப் போய்விட்ட பிரதியை அழிக்கும்படி கேட்கலாமே தவிரக் கட்டாயப்படுத்த வழியில்லை.

நிரலாளர்கள் தங்கள் பங்கைப் பெரும்பாலும் செவ்வனே செய்கிறார்கள், மட்டுறுத்துநர்களுக்கோ கருவியும் இல்லை, கூலியும் இல்லை என்பதே என் முடிவு. மாஸ்டடானில் கணக்குத் தொடங்குபவர்கள் முதலில் அந்தச் சர்வரின் பதிப்பு எண்ணையும், விதிகளையும், பொறுப்பாளர் யார் என்பதையும் பாருங்கள். சேர்ந்த பிறகு, அதை நடத்துபவருக்கு மாதம் ஒரு சிறு தொகையாவது அனுப்புங்கள்.