துருப்பிடித்த காருக்கு ஒட்டுப் போடலாமா?

நைந்துபோன வேட்டியின் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். ஒட்டுத்துணி கிழிவதில்லை; தையலை அடுத்துள்ள பழந்துணிதான் மறுபடி கிழிகிறது. பிரிட்டனில் பழைய கார்களின் அடிப்பாகத்தை வீட்டிலேயே பற்றவைத்துச் சரிசெய்யும் வழக்கத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வேட்டிதான் நினைவுக்கு வருகிறது. அங்கே அது பலருடைய விடுமுறைநாள் வேலை. அதற்கென்று கையேடுகளும் இதழ்களும் உண்டு. அக்கையேடுகளில் பலவும், அந்நாட்டு அரசின் வாகனச் சோதனை விதியும் ஒரே குறையுடையவை என்பது என் கருத்து. ஓட்டை அடைபட்டதா என்று இரண்டும் பார்க்கின்றன. அடைத்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் இன்னும் எத்தனை முறை வளைந்து நிமிரும் என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

எடுத்துக்காட்டாக மினி காரைப் பார்ப்போம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இச்சிறு கார் 1959 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. 2000 அக்டோபர் வரை உற்பத்தி செய்யப்பட்டது. இதன் முன்புறமும் பின்புறமும் சப்ஃபிரேம் எனப்படும் துணைச்சட்டங்கள் உள்ளன. எஃகுத் தகட்டை மடித்துப் பெட்டிபோல் செய்த சட்டங்கள் இவை. பின்சட்டத்தில்தான் பின்சக்கரங்களின் கைகள் பொருத்தப்பட்டுள்ளன. வழக்கமான சுருள்வில்லுக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்டன் அமைத்துக் கொடுத்த ரப்பர்க் கூம்புகளும் இதில்தான் அமர்ந்திருக்கின்றன. சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது அந்த விசை நெம்புகோல் தத்துவப்படி பன்மடங்காகி, படுக்கைவாட்டில் கூம்பை அழுத்துகிறது. அந்த அழுத்தம் முழுவதையும் தாங்குவது துணைச்சட்டம். சக்கரம் அள்ளி வீசும் சேற்றையும் அதுவே வாங்கிக்கொள்கிறது. குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க அந்நாட்டுச் சாலைகளில் பாறையுப்பு தூவப்படுகிறது. செஷயர் பகுதியில் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து வெட்டியெடுக்கும் உப்பும் அதில் அடங்கும். உப்புச்சேறு சட்டத்தின் மடிப்புகளுக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. மினியின் பின்சட்டம் துருவுக்குப் பேர்போனதாக ஆனதில் வியப்பில்லை.

‘காற்று அதிகம் படும் இடத்தில் துரு அதிகம்’ என்று நம் மாணவர்கள் எழுதுவது வழக்கம். இது பாதி உண்மைதான். கேம்பிரிட்ஜில் அரிமானத்தை ஆராய்ந்த யூலிக் ஈவன்ஸ் ஓர் எளிய சோதனையால் இதை விளக்கினார். தேய்த்துத் துலக்கிய இரும்புத் தகட்டில் உப்புநீர்த் துளி ஒன்றை வைக்க வேண்டும். நீரில் முன்னதாகவே சிறிது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஃபினால்ஃப்தலீனும் கலந்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் துளியின் ஓரம் இளஞ்சிவப்பாகவும் நடுப்பகுதி நீலமாகவும் மாறும். ஓரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் கிடைக்கிறது. அங்கே அது எலெக்ட்ரான்களை ஏற்றுக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி நேர்மின்வாயாகி, இரும்பு அங்கேதான் கரைகிறது. பழுப்புத் துரு இவ்விரண்டுக்கும் இடையே வளையமாகப் படிகிறது. கல்லூரி ஆய்வகத்தில் கால் மணி நேரத்தில் செய்துவிடக்கூடிய சோதனை இது; நாம் ஏன் செய்வதில்லை என்பது வேறு கதை.

இதைத் துணைச்சட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். காற்றுப் புகாத மடிப்பின் உட்புறமும், இரு தகடுகள் ஒட்டிக்கிடக்கும் இடுக்கும் துளியின் நடுப்பகுதியைப் போன்றவை. எனவே சட்டம் உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. வெளியே ஓட்டை தெரியும்போது உட்புறத்தில் அதைவிடப் பரந்த பகுதி மெலிந்திருக்கும். ஓட்டையின் மேல் புதுத்தகட்டைப் பரப்பிச் சுற்றிலும் பற்றவைத்தால் என்ன நிகழும்? பழைய தகட்டுக்கும் புதியதற்கும் இடையே புதிதாக ஓர் இடுக்கு பிறக்கிறது. பற்றவைத்த வெப்பத்தில் உட்புறத்துச் சாயமும் எரிந்துபோகிறது. அங்கே தூரிகை எட்டாது. ஈவன்ஸின் துளியை நாமே பெட்டிக்குள் வைத்து மூடியது போலத்தான்.

வெப்பம் செய்யும் வேலை இத்துடன் முடிவதில்லை. மென்எஃகின் நீள விரிவுக் குணகம் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு. அதன் யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,00,000 நியூட்டன். மீட்சி எல்லையை 250 நியூட்டன் என்று கொண்டால், அங்கே திரிபு 800இல் ஒரு பங்கு. இரு முனைகளும் பிடிக்கப்பட்ட எஃகு சுருங்க முடியாமல் குளிரும்போது, சுமார் 100 டிகிரி இறங்கியதுமே இந்தத் திரிபை எட்டிவிடும். பற்றவைப்பில் உருகிய உலோகமோ 1,500 டிகிரியை ஒட்டிய நிலையிலிருந்து குளிர்கிறது. ஆகவே கார் ஓர் அடி நகர்வதற்கு முன்பே, பற்றவைத்த கோட்டின் அருகே மீட்சி எல்லையை நெருங்கும் இழுதகைவு எஞ்சி நிற்கிறது. சுருக்கத்தால் சட்டமும் கோணலாகும். சக்கரக் கையின் அச்சு 200 மி.மீ. தொலைவில் 1 மி.மீ. விலகினாலும் அது 0.3 டிகிரிக்குச் சற்றே குறைவான சாய்வு. சக்கரம் நேராக ஓடாமல் டயர் ஒருபக்கமாகத் தேய அது போதும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது உலோக அயர்ச்சி. ஒரு கம்பியை ஒரே இழுப்பில் அறுக்க இயலாதபோது முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமல்லவா? அதே நிகழ்ச்சி, மிகச் சிறிய அளவில், சாலையில் ஓயாது நடக்கிறது. 10 மீட்டருக்கு ஒரு குலுக்கல் என்று கொண்டாலும் 10,000 கிலோமீட்டரில் 10 லட்சம் குலுக்கல்கள். பற்றவைத்த இணைப்புகளைக் கணக்கிடும் பொறியாளர்கள், அவற்றின் ஆயுள் தகைவு வீச்சின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதாகக் கொள்கின்றனர். 2 மி.மீ. தகடு துருவால் 1 மி.மீ. ஆனது என்று வைத்துக்கொள்வோம். சுமை அதுவே, பரப்பு பாதி. எனவே தகைவு இருமடங்கு. ஆயுளோ எட்டில் ஒன்று! போதாக்குறைக்கு ஒட்டுத்தகடு பழைய தகட்டின் மேல் ஏறி நிற்பதால் இழுவிசை ஒரே கோட்டில் செல்வதில்லை. ஓரத்தில் வளைவும் சேர்ந்துகொள்கிறது. பற்றவைப்பின் விளிம்பில் இயல்பாகவே உள்ள சிறு பள்ளத்தில் விரிசல் தொடங்குகிறது. அந்த விளிம்பு எங்கே முடிகிறது? மெலிந்த பழைய தகட்டில். தையலோரம் கிழியும் வேட்டி இதுதான்.

இனி விதியைப் பார்ப்போம். பிரிட்டனில் 1960இல் தொடங்கிய வாகனச் சோதனை இன்று மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கிறது. ஸ்டியரிங், பிரேக், சக்கரத் தாங்கிகள் ஆகியவை பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் உள்ள துருவை அது கடுமையாக நோக்குகிறது. அங்கே ஒட்டுப் போட்டால் விட்டுவிட்டுப் பற்றவைக்கக் கூடாது. சுற்றிலும் தொடர்ச்சியாகப் பற்றவைக்க வேண்டும். பழுதுபார்த்த இடம் அசலுக்கு ஏறத்தாழ இணையான உறுதி உடையதாகவும் இருக்க வேண்டும். இவை நல்ல விதிகளே. இவற்றால் பல உயிர்கள் பிழைத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த உறுதியை அளப்பது யார், எதனால்? சோதகர் எதையும் கழற்றிப் பார்க்கக் கூடாது. கண்ணால் பார்க்கலாம், விரலால் அழுத்தலாம், சிறு கருவியால் தட்டிப் பார்க்கலாம். தட்டினால் ஓட்டை தெரியும், இற்றுப்போன தகடு தெரியும். எஞ்சிய தகைவு தெரியாது, மும்மடி விதியும் தெரியாது. தாரைப் போன்ற அடிப்பூச்சைத் தடித்துப் பூசியிருந்தால் பற்றவைப்பின் தரம்கூடத் தெரியாது.

இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத, 40 ஆண்டைக் கடந்த கார்களுக்கு இச்சோதனையே கட்டாயமில்லை. 1970களில் செய்யப்பட்ட மினிகள் யாவும் இப்போது அந்த வயதைக் கடந்தவை. பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருடையது என்று சட்டம் சொல்கிறது. பழங்கார் வைத்திருப்போர் அதை அருமையாகப் பேணுவர் என்பது இச்சலுகைக்குச் சொல்லப்பட்ட நியாயங்களுள் ஒன்று. பேணுவார்கள்தாம். ஆனால் அன்பு மிகுந்தவர் கையில் பற்றவைப்பான் இருப்பதுதானே இங்கே சிக்கல்! எந்தக் கார்களில் துருவும் ஒட்டும் மிகுந்திருக்குமோ, அவற்றையே சோதனையிலிருந்து விடுவித்தது முறையாகத் தோன்றவில்லை.

வீட்டில் பற்றவைப்பவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வீட்டு மின்சாரத்திலேயே இயங்கும் சிறு பற்றவைப்பான், 0.6 மி.மீ. கம்பி, ஆர்கானும் கார்பன் டைஆக்சைடும் கலந்த வாயு ஆகியவற்றைக் கொண்டு மெல்லிய தகட்டைப் பொத்தலிடாமல் இணைப்பது எளிதில் கைவராத வித்தை. தரைத்தகட்டையும் கதவின் கீழ்ப்பகுதியையும் அவர்கள் அழகாகச் சரிசெய்கிறார்கள். துணைச்சட்டம் அவ்வகையைச் சேர்ந்ததல்ல என்பதே என் வாதம். 1980இல் பிரிட்டனில் லான்சியா பீட்டா கார்களின் எஞ்சினைத் தாங்கும் துணைச்சட்டம் துருவால் இற்றது பெரிய பிரச்சினையாயிற்று. அந்நிறுவனம் பாதிக்கப்பட்ட கார்களை உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. செய்தவர்களே அவற்றை ஒட்டுப் போட்டுத் திருப்பித் தரவில்லை.

மினிக்கோ வழி இன்னும் எளிது. அதன் பின்சட்டம் உடலோடு போல்ட்டால்தான் இணைக்கப்பட்டுள்ளது. புதிய சட்டங்கள் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. பிரேக் குழாய்களையும் கைப்பிரேக் கம்பியையும் விடுவித்து, உடலைத் தாங்கி நிறுத்தி, பழைய சட்டத்தை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றலாம். பெட்ரோல் குழாய் செல்லும் இடத்தருகே தீப்பொறி பறக்க வேண்டியதில்லை. இறுகிப்போன போல்ட்டுகள் ஒரு நாளை விழுங்கிவிடும் என்பது மெய்தான். சட்டத்தை இறக்கியதும் அது பொருந்தியிருந்த உடற்பகுதியும் அரிக்கப்பட்டிருப்பது தெரிந்தால், அங்கே பற்றவைப்பு தேவைப்படும். அப்போது அரித்த தகட்டைத் தடிமன் குறையாத உலோகம் வரை வெட்டியெடுத்து, புதுத்தகட்டை மேலே பரப்பாமல் விளிம்போடு விளிம்பாகப் பொருத்தி, முடிந்தவரை இருபுறமும் பார்த்துப் பற்றவைக்க வேண்டும். பிறகு உட்குழிகளுக்குள் மெழுகுக் கலவையைப் பீய்ச்சிவிட வேண்டும். இவை முடியும் வரை புதிய சட்டத்தை ஏற்றக் கூடாது.