சிந்துபாத்தின் ஊர் எது?
அண்மையில் பார்த்த நான்கு அசைவூட்டப் படங்கள் பற்றிச் சில அபிப்பிராயங்கள்

சிறுவர்களுக்கான அசைவூட்டப் படங்களைப் பற்றி எமது சமூகத்தில் பெரும்பாலும் இரண்டு அபிப்பிராயங்கள்தான் நிலவுகின்றன. "சின்னப் பிள்ளைகள் பாக்கிற கார்ட்டூன்தானே, அதில என்ன இரிக்கி?" என்பது ஒன்று. "எல்லாம் வீண் வேலை, டீவிய மூடு" என்பது மற்றது. இவை ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், படத்தை முழுதாகப் பார்த்து அதன் தரத்தை நிறுத்துச் சொல்லும் வேலையை இரண்டு தரப்புமே செய்வதில்லை. கவிதைக்கும் சிறுகதைக்கும் விமர்சனம் எழுதும் நாம், எங்கட பிள்ளைகள் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்கும் கதைகளை விமர்சனத்துக்கு வெளியே விட்டுவிடுகிறோம்.

கடந்த விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து நான்கு படங்களைப் பார்த்தேன். லொட்டே ரைனிகரின் 'இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்' (1926), டிஸ்னியின் 'அலாவுதீன்' (1992), ட்ரீம்வேர்க்ஸின் 'சிந்துபாத்: ஏழு கடல்களின் காவியம்' (2003), மிஷெல் ஒசெலோவின் 'அசூரும் அஸ்மரும்' (2006). நான்குமே பழைய கீழைத்தேயக் கனவுலகை ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கும் மாயக்கதைகள். பறக்கும் குதிரை, விளக்கு, ஜின், ரொக் பறவை என்று எல்லாமே அந்தப் பழைய பெட்டியிலிருந்து எடுத்தவை. பெட்டி யாருடையது என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. 'ஆயிரத்தொரு இரவுகள்' 1704 தொடக்கம் 1717 வரை அந்துவான் கலாந் என்பவரால் பிரெஞ்சில் வெளியிடப்பட்டது. ஆனால், அவரிடமிருந்த அரபுக் கையெழுத்துப் பிரதியில் அலாவுதீன் கதை கிடையாது. 1709இல் பாரிஸுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற ஹலப் நகரத்து இளைஞர் அதை வாயால் சொல்ல, கலாந் குறிப்பெடுத்துக்கொண்டார். தியாப் ஒரு மரோனைட் கிறிஸ்தவர். அலிபாபா, பறக்கும் குதிரை, இளவரசர் அஹ்மதும் பரிபானுவும் ஆகிய கதைகளும் அவர் நாவிலிருந்து வந்தவையே. கலாந் தமது நாட்குறிப்பில் அவரைப் பற்றி எழுதினார். அச்சிட்ட நூலில் பெயரைச் சொல்லவில்லை. ஆக, கதையை எடுத்துக்கொண்டு கதைசொல்லியை மறைப்பது ஹொலிவூட் தொடக்கிவைத்த பழக்கமல்ல. அது முந்நூறு வருடப் பழக்கம்.

ரைனிகரின் படத்துக்கு வருவோம். இன்று கிடைக்கக்கூடிய முழுநீள அசைவூட்டப் படங்களில் மிகப் பழையது இதுதான். ஜெர்மனியின் பொட்ஸ்டாமில், ஒரு வங்கியாளரின் வாகனக் கொட்டிலுக்கு மேலிருந்த அறையில், 1923இலிருந்து மூன்று வருடம் பாடுபட்டு எடுத்திருக்கிறார். கருப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, மூட்டுக்கு மூட்டுக் கம்பியால் இணைத்து, கண்ணாடி மேசைக்குக் கீழே விளக்கு வைத்து ஒவ்வொரு சட்டகமாகப் பதிந்த நிழலுருவங்கள். முகத்தில் கண்ணும் இல்லை, புன்னகையும் இல்லை. ஆனாலும் பரிபானு வெட்கப்படுவது தெரிகிறது, மந்திரவாதியின் விரலசைவில் பொறாமை தெரிகிறது. எங்கள் பகுதியின் தோற்பாவைக் கூத்தை அறிந்தவர்களுக்கு நிழலின் இந்த மொழி புதிதல்ல. சும்மா சொல்லக் கூடாது, கலையழகில் நான்கு படங்களிலும் இதற்குத்தான் முதலிடம்.

குறை இல்லாமலும் இல்லை. கொடியவனான மந்திரவாதி ஆபிரிக்கன் என்று அடையாளப்படுத்தப்படுகிறான். வாக்வாக் தீவு விகார உருவங்களால் நிரம்பியிருக்கிறது. அக்கால ஐரோப்பாவின் பார்வை அதில் பதிந்திருக்கிறது. ஆனால் கலீபாவும் அவர் மகனும் மகளும் கண்ணியத்தோடு நடமாடுகிறார்கள். அவர்களை எள்ளி நகையாட ரைனிகரின் கத்தரிக்கோல் முயலவில்லை.

டிஸ்னியின் 'அலாவுதீன்' தொழில்நுட்பத்தில் குறைசொல்ல முடியாத படம். ஜின்னுக்குக் குரல் கொடுத்த ரொபின் வில்லியம்ஸின் நகைச்சுவைக்குப் பிள்ளைகள் இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். படத்தின் தொடக்கப் பாடலில் காதறுப்பதைப் பற்றி ஓர் அடி இருந்தது. அரபு அமெரிக்கர்களின் பாகுபாட்டு எதிர்ப்புக் குழு ஆட்சேபித்த பின், 1993இல் வந்த வீடியோப் பிரதியில் அதை மாற்றினார்கள். அதே பாடலில் அந்த நாட்டைக் காட்டுமிராண்டித்தனமானது என்று சொல்லும் சொல் மட்டும் அப்படியே இருந்தது.

பாடலைவிடக் குரல்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அலாவுதீனும் யஸ்மீனும் சுத்தமான அமெரிக்க ஆங்கிலம் பேசுகிறார்கள். காவலாளிகளும் சந்தை வியாபாரிகளும் அரபுச் சாயல் கலந்த உடைந்த ஆங்கிலம் பேசுகிறார்கள். பசித்த பிள்ளைக்கு ஓர் அப்பிள் எடுத்துக் கொடுத்ததற்காக இளவரசியின் கையை வெட்ட வாள் ஓங்கும் வியாபாரியை நினைத்துப் பாருங்கள். நல்லவர்கள் எங்களைப் போல் பேசுவார்கள், கெட்டவர்கள் அவர்களைப் போல் பேசுவார்கள் என்ற பாடத்தை ஓர் அமெரிக்கப் பிள்ளை காதாலேயே கற்றுக்கொள்கிறது. எங்கட பிள்ளைக்கோ, 'அவர்கள்' என்பதே தன்னைத்தான் குறிக்கிறது என்று விளங்க இன்னும் கொஞ்சக் காலம் எடுக்கும்.

"இதெல்லாம் கற்பனை ஊர், மிகைப்படுத்தாதீர்கள்" என்பவர்களுக்கு ஒரு தகவல். படத்தில் வரும் நகரத்தின் பெயர் அக்ரபா. எந்தத் தேசப்படத்திலும் கிடையாது. 2015 டிசம்பரில் பப்ளிக் பொலிசி போலிங் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம், அக்ரபா மீது குண்டு வீசுவதை ஆதரிக்கிறீர்களா என்று அமெரிக்க வாக்காளரிடம் கேட்டது. குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் 30 வீதமானோர் ஆம் என்றார்கள். ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களிலும் 19 வீதமானோர் ஆம் என்றார்கள். கேள்வி குறும்புத்தனமானதுதான். ஆனால் அரபு ஒலியுள்ள பெயரொன்றே அந்தப் பதிலுக்குப் போதுமாக இருந்தது. அந்த ஒலியோடு பயத்தை ஒட்டிய பல கைகளில் கார்ட்டூனின் கையும் ஒன்று என்பதை மறுப்பது கஷ்டம்.

'சிந்துபாத்' படத்தில் இப்படியான இழிவு எதுவுமில்லை. அதனால் இது பரவாயில்லை என்று சொல்வோரும் உண்டு. எனக்கு இதுதான் நான்கிலும் ஆகப் பலவீனமான படம். காரணம், இங்கே சிந்துபாத்தே இல்லை. பக்தாதின் வணிகன், பஸறாத் துறையில் கப்பலேறியவன், இந்தப் படத்தில் சிரகூசா என்னும் கிரேக்க நகரத்தின் இளவரசனுக்குப் பால்ய நண்பன். அவனை ஆட்டிவைப்பவள் ஏரிஸ் என்ற கிரேக்கத் தெய்வம். நண்பனுக்காக நண்பன் மரண தண்டனைக்குப் பிணையாக நிற்பதும் பழைய கிரேக்கக் கதைதான். அரபு மண்ணில் எஞ்சியது கதாநாயகனின் பெயர் ஒன்று மட்டுமே. டிஸ்னி அரபு வியாபாரியைக் கொடியவனாகக் காட்டியது. ட்ரீம்வேர்க்ஸ் சிந்துபாத்தின் ஊரையே அழித்துவிட்டது. இழிவுபடுத்தினால் ஆட்சேபிக்கலாம். இல்லாமலே ஆக்கினால் எதை ஆட்சேபிப்பது?

இதை வெறும் இனப் பெருமையாக நான் சொல்லவில்லை. ஊரை எடுத்தபோது கதையின் உயிரும் போய்விட்டது. மூலக்கதையில் செல்வந்தனான சிந்துபாத், தன் வாசலில் களைத்து உட்கார்ந்த கூலிக்கார சிந்துபாத்தை உள்ளே அழைத்து, தன் செல்வம் எத்தனை பசியாலும் பயத்தாலும் வந்தது என்று சொல்கிறான். ஒரே பெயர் கொண்ட பணக்காரனும் ஏழையும் எதிரெதிரே அமர்ந்திருப்பதுதான் அந்தக் கதையின் அச்சாணி. கப்பல் உடையும்போது அவன் நம்புவது ஒரு பலகையையும் அல்லாஹ்வையும்தான். படத்திலோ அவன் ஒரு கொள்ளைக்காரன். எந்த ஆபத்திலும் ஒரு பகிடி கைவசம் வைத்திருக்கிறான். இன்னொரு சங்கதி எங்களுக்கு நெருக்கமானது. ஆறாவது பயணத்தில் சிந்துபாத் கரை சேர்வது செரந்தீப்பில், அதாவது எங்கட இலங்கையில். இந்நாட்டு மன்னன் ஹாரூன் அல் ரஷீதுக்குப் பரிசில்கள் கொடுத்தனுப்புகிறான். இந்துமாக் கடலின் வணிகப் பாதை முழுதும் அந்தக் கதைக்குள் இருக்கிறது. அந்தப் பாதையில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம் என்று சொல்லிக்கொள்ளும்போது, கடலை மத்தியதரைக்கு மாற்றியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஒசெலோவின் 'அசூரும் அஸ்மரும்' இந்த வழக்கில் நல்ல சாட்சி. நீலக்கண் கொண்ட பிரபு மகன் அசூரையும், கறுத்த கண் கொண்ட தன் மகன் அஸ்மரையும் ஜனான் என்ற அரபுத் தாய் ஒன்றாக வளர்க்கிறாள். பிரபு அவளைத் துரத்திவிடுகிறான். பின்னர் கடல் கடந்து வரும் அசூருக்கு, அங்கே நீலக்கண்தான் அபசகுனம் என்று தெரியவர, குருடனாக நடித்துத் திரிகிறான். அந்நியனாக இருப்பது என்னவென்று வெள்ளைக்காரப் பிள்ளைக்கு இதைவிட எளிமையாகக் காட்ட முடியாது. அரபுத் தேசம் இங்கே நூலகமும் தோட்டமும் வான்நோக்கும் அறிஞரும் உள்ள நாடு. துரத்தப்பட்ட செவிலி அங்கே பெரும் வணிகப் பெண்மணி.

படத்தில் அரபு வசனங்களை மொழிபெயர்க்காமலே விட்டிருக்கிறார் ஒசெலோ. மேலைநாட்டுப் பார்வையாளன் சற்றுநேரம் விளங்காமல் உட்கார வேண்டும் என்பது அவர் எண்ணம் போலும். எங்கட வீட்டில் நடந்தது வேறு. குர்ஆன் மத்ரசாவுக்குப் போகும் பிள்ளைகள் இடைக்கிடை ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு துள்ளினார்கள். ஓதுவதற்கு மட்டும் தெரிந்த மொழியில் ஒரு தாய் பிள்ளையைக் கூப்பிடுவதை அவர்கள் கேட்டது அன்றுதான்.

ஆனாலும் இதையும் முழுதாகப் புகழ முடியாது. இரு பக்கமும் சமம் என்று காட்டுவதற்காகக் கதை தராசு பிடித்தாற்போல் நகர்கிறது. முடிவில் இரு வீரருக்கும் இரு தேவதையரைப் பங்கிட்டுக் கொடுப்பது வகுப்பில் கணக்குச் செய்வது போலிருக்கிறது. பின்னணி ஓவியங்களின் அலங்காரத்துக்கு முன் கணினியில் செய்த முகங்கள் பொம்மை முகங்களாகவே தெரிகின்றன. கண்ணில்லாத ரைனிகரின் நிழல்களுக்கு இருந்த உயிர் இவற்றுக்கு இல்லை.

இனி எங்கட பக்கம். ரூபவாஹினியில் தைட்டஸ் தொட்டவத்த வெளிநாட்டு கார்ட்டூன்களை நல்ல சிங்களத்தில் பேசவைத்தார். அவை இந்நாட்டுச் சொத்தாகவே ஆகிவிட்டன. தமிழில் அப்படியொருவர் எமக்கு வாய்க்கவில்லை. இத்தனைக்கும் மாயக்கதையில் எமது இலக்கியம் வறுமைப்பட்டதல்ல. 1572இல் அரங்கேறிய 'ஆயிரம் மசலா' தொடக்கம் மசலாக்களும் கிஸ்ஸாக்களும் படைப்போர்களும் நாமாக்களும் எம்மிடம் உள்ளன. பேராசிரியர் ம. மு. உவைஸ் போன்றோர் அவற்றைத் தேடி வெளிக்கொணர்ந்தார்கள். பரீட்சைக்கு அவற்றின் பெயரையும் ஆண்டையும் பாடமாக்குகிறோம், கதையைச் சொல்வதில்லை. இந்நாட்டின் முதல் தமிழ் நாவலான சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய சரித்திரம்' (1885) கூட, மிஸ்ர் தேசத்துப் பிரபு வீட்டில் பிறந்து திருடப்பட்ட ஒரு பிள்ளையின் சாகசக் கதைதான். பாடத்திட்டத்தில் அது 'முதல் நாவல்' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிக் கிடக்கிறது.

ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் என் அபிப்பிராயம் இது. டீவியை மூடுவதால் சிந்துபாத் பஸறாவுக்குத் திரும்பப் போவதில்லை. ரைனிகரைக் காட்டுங்கள், ஒசெலோவைக் காட்டுங்கள். டிஸ்னியையும் காட்டுங்கள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனிக்கச் சொல்லுங்கள். படம் முடிந்த பிறகு, சிந்துபாத் உண்மையில் எந்தத் துறையில் கப்பலேறினான், எங்கட கரையில் எப்படி வந்திறங்கினான் என்பதை நீங்களே சொல்லிக் கொடுங்கள். அரை மணித்தியாலம் போதும். அந்த அரை மணித்தியாலத்தை எந்த நிறுவனமும் எமக்காகப் படமெடுத்துத் தராது.