பாவையின் கண்

நவராத்திரி எங்கள் மாவட்டத்தில் பரபரப்பான நேரத்தில் வருகிறது. சிவகாசியில் தீபாவளிச் சரக்கு லாரி லாரியாகக் கிளம்பும். ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பம் வெளியிட்ட அச்சகங்கள் காலண்டர் ஓட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சந்தடிக்கு நடுவே, பட்டுப்பாவாடைச் சிறுமிகள் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய், ‘எங்க வீட்டுக் கொலுவுக்கு வாங்க’ என்பார்கள். பாவை என்றால் பொம்மை, பாவை என்றால் பெண். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பரணிலிருந்து இறக்கிய பொம்மை எந்த ஊர்ச் சரக்கு என்பதைப் பெரியவர்கள் கையில் தூக்கியே சொல்லிவிடுவார்கள். மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரி மண்பொம்மை கனக்கும். சுண்டினால் கணீரென வேண்டும். மந்தமாக ஒலித்தால் வேக்காடு போதவில்லை, அல்லது எங்கோ கீறல். பண்ருட்டிக் காகிதக்கூழ் பொம்மைக்குக் கனமே கிடையாது, பூச்சிதான் அதற்கு எமன். கொண்டபள்ளிக்கு லேசான பொனிக்கி மரம், சென்னபட்டணாவுக்குக் கடைசலும் அரக்கும். செம்மரத்து மரப்பாச்சி ஜோடிதான் மூத்தது. கல்யாணச் சீராக வருவது, மேல்படி அதற்கே. பிளாஸ்டர் பொம்மையை நான் எந்த மரபிலும் சேர்ப்பதில்லை. மூக்கு உடைந்தால் உள்ளிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கும்.

ஆனால் தரம் நிற்பது கண்ணில். எல்லா வண்ணமும் காய்ந்தபின் கடைசியாகத்தான் கண் எழுதுவார்கள். இன்றைய லட்சுமி, சரஸ்வதி பொம்மைகளின் உருண்டைக் கன்னத்தையும் அகன்ற கண்ணையும் பார்க்கும்போது எனக்குக் கோவில்பட்டி கொண்டையராஜுவின் (1898–1976) நினைவு வரும். அவரும் சீடர்களும் தீட்டிய தெய்வங்கள்தாம் சிவகாசி அச்சில் ஏறி வீட்டுச் சுவரெல்லாம் நிறைந்தன. சுவரில் இருந்த முகம் படியில் வந்து உட்கார்ந்துவிட்டது என்பது என் கட்சி. பழைய விளாச்சேரி முகங்களின் கூச்சம் இவற்றில் இல்லை என்ற குறையும் உண்டு.

படிகட்டிப் பொம்மை வைப்பது நமக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானில் மார்ச் 3 அன்று பெண் குழந்தைகளுக்காக ஹினா பொம்மை அடுக்குகிறார்கள். படியில் விரிக்க நமக்கு வெள்ளை வேட்டி, அவர்களுக்குச் சிவப்புத் துணி. முழுக் கொலுவென்றால் ஏழு படி, உச்சியில் அரச தம்பதி. அரசர் எந்தப் பக்கம் என்பதில் கியோட்டோவுக்கும் டோக்கியோவுக்கும் ஒத்துப்போகாது. பண்டிகை முடிந்தும் எடுத்துவைக்காவிட்டால் மகள் கல்யாணம் தள்ளிப்போகும் என்று அங்கே ஒரு பயம். இங்கே அவ்வளவு அவசரம் இல்லை. விஜயதசமி இரவு மரப்பாச்சியைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் சாவகாசமாகப் பொம்மைகளைச் சுற்றிவைக்கப் பழைய வேட்டிக் கிழிசலைத் தேடுவோம்.