நீக்கப்பட்ட கடைசி அத்தியாயம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் எப்போது தொடங்கியது என்று கேட்டால் பாடப்புத்தகம் ஒரு தேதியைச் சொல்லும். 1861 ஏப்ரல் 12, விடியற்காலை நாலரை மணி, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் சம்டர் கோட்டை மீது முதல் குண்டு. அந்தக் காலையைப் பற்றி எழுதுகிறவர்கள் சாட்சிக்கு அழைப்பது பெரும்பாலும் ஒரு பெண்ணைத்தான்: மேரி செஸ்நட். தென் கரோலினாவின் பெரிய தோட்ட முதலாளி வீட்டு மருமகள். கோட்டையை ஒப்படைக்கச் சொல்லிப் படகில் போன தூதர்களில் அவள் கணவனும் ஒருவன். குண்டுச் சத்தம் கேட்டு மொட்டை மாடிக்கு ஓடியவள், களைத்துப்போய் எதன் மேலோ உட்கார்ந்தாள். அது புகைபோக்கி. பாவாடையில் தீப்பொறி பற்றியது, பக்கத்தில் நின்ற ஒருவர் அணைத்தார். நாட்குறிப்பில் இதை அவளே சிரிப்போடு எழுதியிருக்கிறாள். நன்றாக எழுதத் தெரிந்தவள், அதில் சந்தேகமில்லை.

ஆனால் நான் பேச வந்தது மாடி மேல் நின்றவளைப் பற்றி மட்டுமல்ல, கூரைக்கு அடியில் கிடந்தவளைப் பற்றியும்.

ஹாரியட் ஜேக்கப்ஸ் வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் 1813இல் அடிமையாகப் பிறந்தவர். பருவ வயதிலிருந்தே எஜமானரின் பாலியல் துரத்தலுக்கு ஆளானவர். தப்பிப்பதற்காக, விடுதலை பெற்றிருந்த தன் பாட்டி வீட்டுக் கூரைக்கும் கொட்டகைக்கும் இடைப்பட்ட பொந்தில் ஏறக்குறைய ஏழு வருடம் ஒளிந்திருந்தார். ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், மிக உயரமான இடத்தில் மூன்றடி. நிமிர்ந்து நிற்க முடியாது. பலகையில் துளை போட்டு, கீழே விளையாடும் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1842இல் வடக்கே தப்பினார். அவர் எழுதிய ‘ஓர் அடிமைப் பெண்ணின் வாழ்க்கைச் சம்பவங்கள்’ பாஸ்டனில் வெளிவந்தது 1861இன் தொடக்கத்தில். சில மாதங்களில் போர் மூண்டது. புத்தகம் அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது.

இருவரும் எழுதியது ஒரே விஷயத்தை. சம்டருக்கு ஒரு மாதம் முன்பு செஸ்நட் எழுதிய குறிப்பு புகழ்பெற்றது. வெள்ளைக்காரர் வீடுகளில் வளரும் கலப்பினக் குழந்தைகள் எஜமானர்களின் ஜாடையில் இருக்கின்றன, மனைவிமார்கள் மட்டும் அதைக் காணாதவர்கள்போல் நடிக்கிறார்கள் என்கிறாள். துணிச்சலான வாக்கியங்கள் என்று பெண்ணிய வாசிப்புகள் பல அதைக் கொண்டாடியிருக்கின்றன. நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். மறுபடி படித்தபோதுதான் அதே பத்தியில் அடிமைப் பெண்களை அவள் வேசிகள் என்று சொல்வது உறைத்தது. அவள் கணக்கில் வஞ்சிக்கப்பட்டவள் மனைவி. அந்தக் குழந்தைகளைப் பெற்றவளுக்கு அங்கே துயரம் இல்லை, குற்றம் மட்டும் உண்டு.

இதன் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1662இல் வர்ஜீனியா கொண்டுவந்த விதிப்படி குழந்தையின் நிலை தாயின் நிலையைத் தொடரும். எல்லாவற்றிலும் தந்தை வழியைப் பிடித்துத் தொங்கிய சமூகம், இந்த ஒன்றில் மட்டும் தாய் வழிக்கு மாறியது. எஜமானன் பலாத்காரம் செய்தாலும் பிறப்பது அவன் சொத்து. 1808இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டது. ஆனாலும் 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறத்தாழ 39.5 லட்சம். இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பெண்களின் கருப்பையிலிருந்து. மேற்கே புதிய நிலங்களுக்கு அடிமைமுறை பரவலாமா கூடாதா என்பதில்தான் நாடு பிளந்தது. அந்தச் சண்டைக்குள் பிரசவமும் இருந்தது. ஜேக்கப்ஸுக்கு இது தெரியும். பெண் குழந்தை பிறந்தது என்று கேட்டபோது தன் மனம் முன்னைவிடக் கனத்தது என்று அவர் எழுதும் இடத்தை, போர் மூண்ட காரணங்களைப் படிக்கும் மாணவிகள் ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஜேக்கப்ஸின் கைப்பிரதி, அடிமை ஒழிப்புக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த எழுத்தாளர் லிடியா மரியா சைல்ட் கைக்குப் போனது. சைல்ட் நல்லவர், ஒப்பந்தத்துக்கு உதவினார், முன்னுரை தந்தார். கூடவே, கொடுமைக் காட்சிகளைப் பெரும்பாலும் ஒரே அத்தியாயத்தில் திரட்டினார். மனம் தாங்காத வாசகர்கள் அதைத் தாண்டிப் போகலாமாம்! 1860 ஆகஸ்டில் எழுதிய கடிதத்தில், கடைசியில் ஜான் பிரவுன் பற்றி இருந்த அத்தியாயத்தை எடுத்துவிடலாம், பாட்டியின் மரணத்தோடு முடிக்கலாம் என்றார். 1859இல் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கித் தூக்கிலேறியவர் பிரவுன். போர் வரப்போகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய அறிகுறி கிடையாது. இதே சைல்ட், காயம்பட்டுச் சிறையிலிருந்த பிரவுனுக்குப் பணிவிடை செய்ய வருகிறேன் என்று எழுதி, ஆளுநரோடு பகிரங்கமாக வாதாடி, அந்தக் கடிதங்களைச் சிறுநூலாகவும் கண்டவர். ஆக, பிரவுனைப் பற்றி வெள்ளைப் பெண் எழுதலாம். கறுப்பினப் பெண்ணின் கதை மட்டும் பாட்டியின் நினைவில் ஈரமாக முடிய வேண்டும்.

புத்தகம் அப்படியே முடிகிறது. அந்த அத்தியாயம் இன்று நம் கையில் இல்லை. அரசியல் பேசிய பக்கம் போய், கண்ணீர் வரவழைக்கும் பக்கம் நின்றது. அதன் விளைவு நூறு வருடம் நீடித்தது. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லை, பதிப்பாசிரியர் பெயர் இருந்தது. எனவே சைல்ட் எழுதிய நாவல் என்றார்கள். 1972இல் ஜான் பிளாசிங்கேம் என்ற கறுப்பின வரலாற்றாசிரியரே இது நம்பத்தக்கதல்ல, மிகையுணர்ச்சி அதிகம் என்று ஒதுக்கினார். ஜீன் ஃபாகன் யெலின் கடிதங்களைத் தேடியெடுத்து, எழுதியவர் ஜேக்கப்ஸே என்று 1980களில் நிறுவினார். இதற்கிடையில் செஸ்நட்? போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலான பிறகு, 1880களில் தன் குறிப்புகளை விரித்துத் திருத்தி எழுதினாள். அந்த வடிவத்துக்கு வான் வுட்வர்ட் கொண்டுவந்த பதிப்பு 1982இல் வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு பெற்றது. இருவர் எழுத்தும் பின்னாளில் திருத்தம் கண்டவைதான். சாட்சியம் என்ற மரியாதை ஒன்றுக்குக் கிடைத்தது, சந்தேகம் மற்றதற்கு.

சம்டர் அதிர்ந்த நாட்களில் வீட்டு வேலைக்காரர்களின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை, கேட்கிறார்களா இல்லையா என்றே தெரியவில்லை என்று செஸ்நட் குழம்புகிறாள். துளை வழியே வருடக்கணக்கில் தெருவைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் புத்தகம் அப்போது பாஸ்டனில் அச்சாகியிருந்தது.

போரின் நடுவே ஜேக்கப்ஸ் வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியாவுக்குப் போய், தப்பி வந்த அகதிகளிடையே வேலை செய்தார். அங்கே 1864 ஜனவரியில் ஒரு பள்ளி திறந்தது. பொறுப்பு யாரிடம் என்ற கேள்வி எழுந்தது. வடக்கிலிருந்து வந்த வெள்ளை ஆசிரியர்கள் தயாராக நின்றார்கள். முடிவை அந்த மக்களிடமே விட்டார் ஜேக்கப்ஸ். அவர்கள் தேர்ந்தெடுத்தது அவருடைய மகள் லூயிசாவை. பாட்டி வீட்டுப் பொந்தின் துளை வழியே அவர் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி அவள்.