அண்மை மூலமாகுமா? கொடுமணல் நீலக்கற்களும் சித்தம்பூண்டிக் குருந்தமும்

பதிற்றுப்பத்து கொடுமணத்தை அணிகலன்களோடு இணைத்துப் பேசுகிறது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வு, கல்மணித் தொழில் நடந்தமையை வெளிப்படுத்தி அவ்விணைப்பிற்குச் சான்று தந்தது. ஆயின், அங்குக் கிடைத்த கற்களின் மூலத்தைக் கூறுமிடத்து அண்மையே பெரிதும் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. பெரில் படியூரிலிருந்தும் நீலக்கல் சிவன்மலையிலிருந்தும் வந்தன என்பது பரவலாக வழங்கும் கருத்து. இது பிழையென்று கூறுவதற்கில்லை. எனினும் இது கருதுகோளேயன்றி முடிவன்று.

அதே ஊரில் லாபிஸ் லசுலியும் கிடைத்துள்ளது. அதன் மூலம் ஆப்கானிஸ்தானத்தின் படக்சான் பகுதி எனக் கொள்ளப்படுகிறது. சூதுபவளத்திற்குக் குஜராத் சுட்டப்படுகிறது. ஒரு கல் அத்தனை தொலைவிலிருந்து வரக்கூடுமாயின், நீலக்கல் மட்டும் அடுத்த குன்றிலிருந்தே வந்தது என்பதற்கு அண்மை போதிய காரணமாகாது. இலங்கையின் நீலக்கற்களை விலக்குதற்கும் சான்று வேண்டும்.

காவிரிக்கு அப்பால் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியையும் இவ்விடத்துக் கருதவேண்டும். நீலக்கல்லும் மாணிக்கமும் குருந்தத்தின் நிறவேறுபாடுகளே. (ஆங்கிலத்தின் 'கொரண்டம்' இச்சொல்லின் வழிவந்ததே.) சிவன்மலையில் குருந்தம் சயனைட் பாறையில் விளைகிறது; சித்தம்பூண்டியிலோ உருமாற்றமுற்ற அனார்த்தசைட்டில், குரோமைட் படுகைகளின் அயலில் விளைகிறது. குரோமியம் சிவப்பையும், இரும்பும் டைட்டேனியமும் நீலத்தையும் தருவன. ஆதலால் நிறம் ஒரு தொடக்கக் குறிப்பாகலாம். அதனினும் உறுதியானது காலியம், மக்னீசியம் ஆகியவற்றின் விகிதம். பாறைக்குழம்பில் தோன்றிய குருந்தத்தில் பொதுவாகக் காலியம் மிகுந்து மக்னீசியம் குறைந்திருக்கும். உருமாற்றப் பாறைக் குருந்தத்தில் இது மாறி அமையும். லேசர்வழிப் பொருண்மை நிறமாலை முறை, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத குழியொன்றை மட்டும் விட்டு இதனை அளந்துவிடும். மணியை உடைக்க வேண்டுவதில்லை. ஆனால் இலங்கைக் குருந்தமும் பெரும்பாலும் உருமாற்றப் பாறை சார்ந்ததாகலின், அதனைச் சித்தம்பூண்டியினின்று பிரிக்க இவ்விகிதம் மட்டும் போதாது. கல்லினுள் சிறைப்பட்ட நுண்கனிமங்களையும் உடன் நோக்குதல் வேண்டும்.

பாறையின் பெயர் மட்டும் இடத்தைக் காட்டாது என்பதற்குச் சேர்வராயன் மலை நல்ல சான்று. கொல்கத்தாவில் யோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, அது சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பாறையினது எனக் கண்டு, 1893இல் அதற்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். சேர்வராயன் மலையும் அதே பாறை வகையினதே. கல்லறைக் கல்லின் வரலாறு ஓரளவு தெரிந்திருந்தமையால் ஹாலந்தின் முடிவு நின்றது. வரலாறு அறியப்படாத கற்கோடரிக்கு அவ்வுதவி இல்லை. சேலம், தருமபுரிப் பகுதிகளில் டோலரைட் அணைகள் பலவாகக் குறுக்கிடுவதால், 'டோலரைட், உள்ளூர்க் கல்' என்னும் குறிப்பு எந்த அணை என்பதைச் சொல்வதில்லை.

ஒப்புநோக்கிற்கு வேண்டிய மாதிரிகளிலும் இடர்ப்பாடு உண்டு. ஏ. பி. சுப்பிரமணியம் 1956இல் சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியைச் சேலம் மாவட்டம் எனக் குறித்தே எழுதினார்; நாமக்கல் 1997இல்தான் தனி மாவட்டமாயிற்று. தருமபுரியும் 1965 வரை சேலமே. பழைய சேகரிப்பொன்றில் 'சேலம்' என மட்டும் குறிக்கப்பட்ட கல், ஓசூர் முதல் காவிரிக்கரை வரை எங்கிருந்தும் எடுக்கப்பட்டிருக்கலாம்.