தீவகத்துப் பனஞ்சாறு: மூன்று மரபுகளும் அவற்றின் தரமும்

முருகைக்கல் நிலம், உவர்நீர், ஓயாத கடற்காற்று. யாழ்ப்பாணத் தீவகத்தில் நெடுந்தீவு முதல் நயினாதீவு, ஊர்காவற்றுறை வரை இவற்றைத் தாங்கி நின்று இனிமை சுரந்த மரம் பனை. அதன் சாற்றைப் பதப்படுத்துவதில் நம்மவர் வளர்த்த மரபுகள், மேலைநாட்டார் வைனுக்கு வளர்த்த மரபுகளோடு ஒப்புநோக்கத் தக்கவை.

முந்திரிகைக் கொடிக்கு நாட்டுக்கொரு பெயர் உண்டு. பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் சிரா எனப்படுவது ஆஸ்திரேலியாவில் ஷிராஸ். கலிபோர்னியாவின் சின்ஃபண்டெலும் தென் இத்தாலியின் பிரிமிட்டீவோவும் ஒரே இனம் என்பதை மரபணு ஆய்வு உறுதிசெய்தது. பனை தரும் பண்டங்களுக்கும் அப்படியே. நமது கருப்பணி தமிழகத்தில் பதநீர், கன்னியாகுமரிப் பக்கம் அக்கானி. நமது பனங்கட்டி அங்கே கருப்பட்டி. நமது கல்லாக்காரம் அங்கே பனங்கற்கண்டு.

முதல் மரபு கள். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் பாளை சீவிச் சாறு ஏந்தும் முட்டி கட்டுவர். சாறு முட்டியிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். ஆகவே கள்ளின் தரத்தை நேரமே தீர்மானிக்கிறது. இறக்கியவுடன் இனிப்பு முந்தும்; பொழுது ஏற ஏறப் புளிப்பும் வெறியும் கூடும்.

இரண்டாவது கருப்பணி. முட்டியின் உட்புறம் பூசும் சுண்ணாம்பு நொதிப்பைத் தடுக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளிக்கும். கூடினால் நாவில் கரிக்கும். அந்த அளவைக் கையால் அறிபவர் சீவல் தொழிலாளி. நல்ல கருப்பணியில் மாங்காய் சீவிப் போட்டுக் குடித்தவர்களுக்கு இந்த நுட்பத்தின் அருமை தெரியும்.

மூன்றாவது பனங்கட்டி. புளித்த சாற்றில் சர்க்கரை சிதைந்துவிடுவதால் எவ்வளவு காய்ச்சினாலும் கட்டி சரியாக இறுகாது. எனவே அடுப்படியின் வெற்றி மரத்தின் உச்சியிலேயே முடிவாகிறது. காய்ச்சிய பாணி பதம் வந்ததும் நம்மவர் ஓலைக் குட்டானில் வார்ப்பர். தமிழகத்தில் சிரட்டையில் வார்ப்பர். பாணியை ஆடாமல் அசையாமல் வாரக்கணக்கில் வைத்தால் கல்லாக்காரம் விளையும்.

இம்மரபைப் பற்றி எழுதியோரும் உளர். வில்லியம் பெர்குசன் 1850இல் பனையைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பனையின் பெருமையைத் தாலவிலாசமாகப் பாடினார். தொழிலைப் பேண 1978இல் இலங்கையில் பனை அபிவிருத்திச் சபையும் உருவானது. எனினும் கட்டியின் நிறம், இறுக்கம், சுண்ணாம்பின் அளவு ஆகியவற்றுக்குத் தீவு வாரியான தரக்குறிப்பு நமக்கு வேண்டும்.

வைனின் ஊர்ப்பெயரைக் காக்கப் பிரான்சு 1935இல் தேசிய அளவில் சட்டம் செய்தது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இலங்கைக் கறுவாவை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அவ்வாறே ஏற்றது. அவற்றைப் போலவே நெடுந்தீவுப் பனங்கட்டியும் தன் ஊர்ப்பெயரோடு சந்தைக்குச் செல்ல வேண்டும். அதற்கான தரத்தைச் சீவல் தொழிலாளரை அருகிருத்தி, அவர்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பெயரால் வரும் கூடுதல் விலையின் முதற்பங்கும் மரமேறுபவருக்கே சேர வேண்டும். இளையவர் எவரும் அப்போதுதான் இத்தொழிலைத் தேடி வருவர்.