காற்றின் விளிம்பில் ஒரு கோடு

ராக்கெட் என்றாலே செங்குத்தாகப் பாய்வதுதான் கண்ணில் நிற்கிறது. எனக்குப் பிடித்ததோ வேறொரு கோடு: காற்றைச் சுவாசித்தபடி ஏறும் ஏவுகலத்தின் சாய்வான பாதை. பிராணவாயுவைச் சுமக்காமல் போகிற வழியிலேயே அள்ளிக்கொள்வதால், மேலே போக அதற்கு அவசரமில்லை. ஓடும் பஸ்ஸின் ஜன்னலில் கையை நீட்டினால் உள்ளங்கையில் ஓர் அழுத்தம் முட்டுமே, அதை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொண்டே வேகத்தைக் கூட்ட வேண்டும். வேகம் இரு மடங்கானால், காற்று கால் பங்காக மெலிந்த உயரத்துக்குப் போயிருக்க வேண்டும். கொஞ்சம் தாழ்ந்தால் உடல் தகிக்கும். கொஞ்சம் உயர்ந்தால் எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். அந்த இடுக்கில், பட்டத்துக்கு நூல் விடுவதுபோல் உயரத்தை மெல்ல மெல்லக் கூட்டிப்போவதில்தான் எரிபொருள் மிச்சமாகிறது. காற்று போதாமல் போகும் இடத்தில் மூக்கைத் தூக்கி ராக்கெட்டுக்கு மாறும் அந்தக் கடைசி வளைவு, வரைபடத்தில் கோலத்தின் இழை சுழித்து முடிவதுபோல் இருக்கும்.

இப்படிக் காற்றைச் சுவாசிக்கும் ஸ்க்ராம்ஜெட் எஞ்சினில் ஏறிச் சுற்றுப்பாதையை எட்டிய கலம் இதுவரை இல்லை. 2016 ஆகஸ்ட் 28 அன்று காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இஸ்ரோவின் சோதனையில் அந்த எஞ்சின் எரிந்தது 5 வினாடி.